வாரம் ஒரு ராத்திரி: கொலாபா வூடூவின் கதை

மும்பையில் எல்லாம் கிடைக்கும், இருக்க இடம் மட்டும் கிடைக்காது. திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வருகிற எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே இது தெரிந்துவிடும். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர். மாட்டுங்காவில் பிரம்மச்சாரிகளுக்கு வாடகை அறைக்குக் கிடையாது, கட்டிலுக்கு. எங்கள் செம்பூரில் ஒரே படுக்கையறை ஃபிளாட்டில் மூன்று தலைமுறை. இந்த ஊரின் எந்தச் சரித்திரத்தைத் தோண்டினாலும் கடைசியில் அது இடத்தைப் பற்றிய சரித்திரமாகத்தான் போய் முடியும். இன்றைக்கு எழுதுவதும் அப்படி ஓர் இடத்தைப் பற்றித்தான்.

அது ஒரு பார். கொலாபாவில் ரேடியோ கிளப் பக்கம், ஆர்தர் பந்தர் ரோட்டில் இருந்தது. பெயர் வூடூ. 1990-களிலும் 2000-களிலும் சனிக்கிழமை ராத்திரிகளில் மட்டும் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள், அதாவது ஆண்களை விரும்பும் ஆண்கள், பயமில்லாமல் கூடிய இடம். மற்ற ஆறு நாளும் அது ஈயாடும் சாதாரண பார். சனிக்கிழமை மட்டும் நுழைவுக் கட்டணம் வாங்கி உள்ளே விடுவார்கள். வெளிநாட்டுப் பயண வழிகாட்டிப் புத்தகங்களில்கூட, மும்பையில் வாராவாரம் தவறாமல் நடக்கும் 'கே நைட்' என்று அதன் பெயர் ஏறியிருந்தது.

இதைப் பற்றி நம் குடும்பங்கள் ஏன் படிக்க வேண்டும் என்று யாராவது முகம் சுளித்தால், கொஞ்சம் பொறுங்கள். கடைசி வரை வந்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

முதலில் அந்த இடத்தின் பூர்வீகம். வூடூவுக்கு முன் அங்கே இருந்தது ஸ்லிப் டிஸ்க் என்ற டிஸ்கோ. 1970-களின் பம்பாயில் இளைஞர்கள் மேற்கத்திய ராக் இசைக்கு ஆடிய சின்ன இடம். 1972-ல் லெட் செப்பலின் குழுவின் ராபர்ட் பிளான்ட்டும் ஜிம்மி பேஜும் பம்பாய் வந்தபோது, உள்ளூர்ப் பையன்களின் வாத்தியங்களை வாங்கி அங்கே வாசித்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் மும்பை ராக் ரசிகர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். சுற்றிலும் அரபு நாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிகள், அத்தர் கடைகள், கொஞ்சம் தள்ளிக் கடல். யார் யாரோ வந்து போகும் தெரு. 'நீ யார் வீட்டுப் பையன்?' என்று கேட்க ஆளில்லாத தெரு. மாட்டுங்காவிலும் தாராவியிலும் அப்படி ஒரு தெரு கிடையாது என்பது நமக்கெல்லாம் தெரியும். நான்கு கடை தாண்டுவதற்குள் ஒரு மாமா எதிரே வந்துவிடுவார்.

நான் தொழிலால் கணக்குத் தணிக்கைக்காரன். ஓட்டல்களின் கணக்கைப் பார்த்த வருஷங்களில் லைசென்ஸ் காகிதங்களை நிறையப் புரட்டியிருக்கிறேன். அதனால் இந்தக் கதையில் எனக்கு முதலில் தோன்றிய கேள்வியும் தொழில் கேள்விதான்: முழுநேரமும் இயங்கும் ஒரு பார் ஏன் வரவில்லை? ஏன் வாரம் ஒரு ராத்திரி மட்டும்?

மகாராஷ்டிராவில் இன்னும் 1949-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம்தான் இருக்கிறது. அதன்படி குடிப்பதற்கு ஒவ்வொருவரும் பெர்மிட் வைத்திருக்க வேண்டும். அந்த பெர்மிட்டில் குடிப்பது உடல்நலத்தைப் பேணுவதற்காக என்று இருக்கும். சிரிக்காதீர்கள், நிஜம்தான். மும்பை பார்களின் பலகையில் 'பெர்மிட் ரூம்' என்று போட்டிருப்பது இதனால்தான். ஆக இந்த ஊரில் குடிப்பதே ஒரு சலுகை. அதைக் கொடுக்கும் கைகள் பல. எக்சைஸ் ஒரு பக்கம், மாநகராட்சி ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம். இதில் எந்தக் கை முறைத்தாலும் மறுநாள் ஷட்டர் இறங்கிவிடும்.

அதற்கு மேலே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதி, 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 'இயற்கைக்கு மாறான' உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். சம்மதத்தோடு நடந்ததா இல்லையா என்ற கேள்வியே அதில் கிடையாது. நேரடியாக 'கே பார்' என்று பலகை மாட்டி லைசென்ஸ் வாங்க எந்த முதலாளி துணிவான்? ஆனால் தூங்கி வழியும் பாரில் ஒரு ராத்திரிக்கு மட்டும் ஒரு கூட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்டால் பலகையும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம், கல்லாவும் நிறையும். மும்பையில் கருணையைவிட வியாபாரம்தான் பல கதவுகளைத் திறந்திருக்கிறது. நம் ஆட்கள் தோலையும் இட்லியையும் விற்று இந்த ஊரில் காலூன்றியதும் அதே கதவு வழியாகத்தான்.

இந்த லைசென்ஸ் கூத்து நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. நியூயார்க்கில் 1960-களில் இப்படிப்பட்டவர்கள் கூடும் பாரை 'ஒழுங்கீனமான இடம்' என்று சொல்லி மதுபான அதிகாரிகள் லைசென்ஸைப் பறிப்பார்கள். 1966 ஏப்ரலில் மூன்று பேர் கோட்டு, டை அணிந்து, பத்திரிகைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு பார் பாராகப் போனார்கள். நாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள், எங்களுக்குப் பரிமாறுவீர்களா என்று கேட்டார்கள். ஜூலியஸ் என்ற பாரில் மறுத்தார்கள். அந்த மறுப்பை வைத்தே சட்டப் போராட்டம் தொடங்கியது. 1969 ஜூன் 28 அதிகாலை போலீஸ் சோதனையை எதிர்த்துக் கலவரம் வெடித்ததே ஸ்டோன்வால், அது மாஃபியா நடத்திய பார். மது லைசென்ஸ் கிடையாது. தனியார் கிளப், ஆளாளுக்கு அவரவர் பாட்டில் என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். நம் பெர்மிட் ரூமுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மும்பையில் கலவரமெல்லாம் வெடிக்கவில்லை. இங்கே வேலை வேறு விதமாக, ஓசைப்படாமல் நடந்தது. 1986-ல் பத்திரிகையாளர் அசோக் ராவ் கவி ஒரு பெண்கள் பத்திரிகையின் பேட்டியில் தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். 1990-ல் 'பாம்பே தோஸ்த்' பத்திரிகையைத் தொடங்கினார். 1994-ல் ஹம்சஃபர் டிரஸ்ட் உருவானது. சாந்தாகுரூஸ் கிழக்கில் வகோலாவில் ஒரு மாநகராட்சிக் கட்டடத்தில் அதற்கு இடம் கிடைத்தது. 377 சட்டப் புத்தகத்தில் இருந்த காலத்திலேயே அரசாங்கக் கட்டடத்தில் இடம் என்றால், அதற்குப் பின்னால் எச்.ஐ.வி. பயமும் இருந்தது. இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலில் 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்டது. பத்து வருஷத்துக்குள் மும்பை ஆஸ்பத்திரிகளுக்கும் அது பெரிய கவலையாகிவிட்டது. ஒளிந்து வாழ்கிறவர்களிடம் மருந்தையும் ஆணுறையையும் எப்படிக் கொண்டுபோவது? அவர்களிலேயே நான்கு பேரைப் பிடித்தால்தான் முடியும் என்று அதிகாரிகளுக்கும் புரிந்தது.

பத்திரிகை ஒன்று, அலுவலகம் ஒன்று என்று ஆகிவிட்டது. பேசிச் சிரிக்க, ஆட, ஒருவர் முகத்தை ஒருவர் வெளிச்சத்தில் பார்க்க ஓர் இடம் வேண்டாமா? அந்த இடமாகத்தான் வூடூ இருந்தது.

அந்தக் காலத்து மும்பையின் மனநிலையையும் சொல்ல வேண்டும். 1998 டிசம்பரில் தீபா மேத்தாவின் 'ஃபயர்' படம் ஓடிய கோரேகாவ் தியேட்டரை சிவசேனைக்காரர்கள் உடைத்தார்கள். இரண்டு பெண்கள் நேசிப்பதாகக் கதை, அதுதான் குற்றம். மும்பைத் தமிழர்களுக்கு அந்தக் கண்ணாடி உடையும் சத்தம் புதிதல்ல. 1966-ல் சிவசேனை தொடங்கிய பிறகு, லுங்கியைக் கழற்று என்று நம்மைத் துரத்தியதையும், உடுப்பி ஓட்டல்கள் அடிவாங்கியதையும் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அப்போது நாம் என்ன செய்தோம்? சங்கம் வைத்தோம், பஜனை சமாஜத்தில் கூடினோம், நம் பள்ளிக்கூடங்களைப் பிடித்துக்கொண்டோம். இங்கே உனக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டவன் முதலில் தேடுவது தன்னைப் போல் இன்னும் நான்கு பேரைத்தான்.

வூடூவுக்குள் நான் போனதில்லை. வாசலைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் என்னோடு வேலை பார்த்த ஒருவர் வாராவாரம் போனவர். பாளையங்கோட்டைக்காரர், செம்பூரில் பேயிங் கெஸ்ட். பின்னாளில் அவரே என்னிடம் சொன்னதுதான் இது. சனிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் ஹார்பர் லைனில் வி.டி., அங்கிருந்து கொலாபா. கடைசி லோக்கலைப் பிடிக்க வேண்டுமானால் ஆட்டம் சூடு பிடிக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். தவறவிட்டால் விடியற்காலை முதல் வண்டி வரை பிளாட்பாரம். ஞாயிறு காலை பத்து மணிக்கு எஸ்.டி.டி. பூத்தில் நிற்க வேண்டும், அம்மா பக்கத்து வீட்டுப் போனருகே காத்திருப்பார். அம்மா ஜாதகங்களை வாசிப்பார், இவர் உம் கொட்டுவார். ராத்திரி அங்கே, காலையில் இங்கே. இரண்டுக்கும் நடுவில் ஏழெட்டு மணி நேரம்தான்.

ஒரு நாள் உம் கொட்டுவது நின்று சரி என்றாகிவிட்டது. கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பந்தி பிரமாதம். இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாள். ஊரில் அவளைப் பற்றித்தான் பேசினார்கள், அவளிடம் யாரும் காரணம் சொல்லவில்லை. வூடூவின் சரித்திரத்தில் இந்தப் பெண்ணுக்கு ஒரு வரி கிடையாது. நான் இதை எழுதுவதே பாதி அவளுக்காகத்தான். பையனை மட்டுமல்ல, யாரோ பெற்ற ஒரு பெண்ணையும் சேர்த்துத்தான் நாம் பலிகொடுக்கிறோம். கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்று சொல்கிற வீடுகள் இதைக் கணக்கில் எழுதுவதே இல்லை.

வூடூவைப் புனிதத் தலமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. உள்ளே போகக் காசு வேண்டும். கொலாபா வரை வந்து போகக் காசு வேண்டும். வாசலில் நிற்பவன் முறைக்காத அளவுக்கு ஒரு சட்டை வேண்டும். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் தோல் பட்டறையில் வேலை பார்த்த பையனுக்கு இந்த மூன்றும் எங்கிருந்து வரும்? அவன் மாதிரி ஆட்களுக்கு மிச்சமிருந்தது ரயில் நிலையக் கழிப்பறையும் கடற்கரை இருட்டும்தான். ஆர். ராஜ் ராவ் 2003-ல் எழுதிய 'தி பாய்ஃபிரெண்ட்' நாவல் சர்ச்கேட் நிலையக் கழிப்பறையில்தான் தொடங்குகிறது. மேல்தட்டுப் பத்திரிகையாளன் ஒருவனும் தலித் இளைஞன் ஒருவனும் அங்கே சந்திக்கிறார்கள். ஆசை ஒன்றாக இருந்தாலும் சாதியும் வர்க்கமும் கூடவே நடந்து வரும் என்பதை அந்த நாவல் மறைக்கவில்லை.

377 உண்மையில் வேலை செய்ததும் அந்த இருட்டில்தான். 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கிப் பிடித்தபோது, 150 வருஷத்துக்கு மேலான காலத்தில் 200-க்கும் குறைவானவர்கள் மீதே வழக்கு நடந்திருக்கிறது என்றது. எண்ணிக்கை சின்னது, அதனால் பாதிப்பும் சின்னது என்பது வாதம். தணிக்கைக்காரனாகச் சொல்கிறேன், இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை இருக்கிறது. 'ஸ்டேஷனுக்கு வர்றியா, இல்ல வீட்டுக்குச் சொல்லட்டுமா?' என்று மிரட்டிப் பர்ஸையும் வாட்சையும் வாங்கிக்கொண்டால், அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அந்தச் சட்டத்தின் பலம் ஜெயிலில் இல்லை, வீட்டுக்குச் சொல்லிவிடுவேன் என்பதில் இருந்தது. அந்த வீடு நம் வீடு. நாம் பயப்படாத வீடாக இருந்திருந்தால் மிரட்டியவன் கையில் என்ன இருந்திருக்கும்?

பிறகு காலம் வேகமாக ஓடியது. 1998-ல் 'கே பாம்பே' என்ற குழு இணையத்தில் தொடங்கி, சந்திப்புகளும் பார்ட்டிகளும் பெற்றோர் கூட்டங்களும் நடத்த ஆரம்பித்தது. 2001-ல் நாஸ் ஃபவுண்டேஷன் டெல்லியில் வழக்குப் போட்டது. 2008 ஆகஸ்ட் 16 அன்று ஆகஸ்ட் கிராந்தி மைதானத்திலிருந்து கிர்காவ் சவுபாத்திக்கு மும்பையில் பேரணி போனது. வூடூவின் இருட்டுக்குள் இருந்தவர்களில் சிலர் பட்டப்பகலில் நடந்தார்கள், சிலர் முகமூடி போட்டுக்கொண்டு. 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு தனிமையில் இருப்பது குற்றமாகாது என்றது. தீர்ப்புச் சொன்ன இருவரில் ஏ.பி. ஷா அதற்கு முன் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. எஸ். முரளிதர் சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கியவர்.

2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக மறுபடி சரி செய்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டத்தில் 377 என்ற பிரிவே கிடையாது. கல்யாண உரிமை மட்டும் கிடைக்கவில்லை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு தகவல்: அங்கே இதற்குத் தம்பி மாதிரி இருந்த 377ஏ, 2023 ஜனவரியில் நீங்கிவிட்டது.

இதற்கிடையில் வூடூ இல்லாமல் போயிற்று. கையில் இருக்கும் போனிலேயே ஆள் தேடலாம் என்று ஆன பிறகு இருட்டு பாருக்கு வாராவாரம் காசு கொடுத்துப் போவது குறைந்தது. புதுப் பார்ட்டிகள் பெரிய ஓட்டல்களுக்குப் போய்விட்டன. ஒரு கல்வெட்டுகூட அந்த வாசலில் கிடையாது. போன் வந்ததால் மிரட்டல் ஒழிந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. செயலியில் நட்பாகப் பேசி வரவழைத்து, படமெடுத்து, பணம் பிடுங்குவது இன்றும் நடக்கிறது. பாரிலாவது பக்கத்தில் நான்கு பேர் இருப்பார்கள், இந்த ஆளை நம்பாதே என்று காதில் சொல்வார்கள்.

ஆனால் வூடூ விட்டுப்போனது ஏதாவது உண்டா என்றால், நான் ஒரு விளம்பரத்தைக் காட்டுவேன். 2015 மே மாதம் 'மிட் டே' நாளிதழில் வந்தது. மும்பையில் வாழும் பத்மா ஐயர் என்ற அம்மா, சமூகச் செயல்பாட்டாளரான தன் மகன் ஹரீஷ் ஐயருக்கு மாப்பிள்ளை தேடிக் கொடுத்த விளம்பரம். மற்ற சில பத்திரிகைகள் வாங்க மறுத்தன. 25 முதல் 40 வயது, நல்ல வேலை, பிராணிகளிடம் பிரியம், சைவம். சாதி தடையில்லை, ஆனால் ஐயர் என்றால் விசேஷம்! அந்தக் கடைசி வாலைப் பிடித்துக்கொண்டு நாடே சண்டை போட்டது. சண்டை நியாயம்தான். தோல் பட்டறைப் பையன் அந்த அடைப்புக்குறிக்குள் வரமாட்டான். அம்மா வேடிக்கையாகப் போட்டது என்று மகன் விளக்கம் சொன்னார்.

எனக்கு அதில் பட்டது வேறு. அந்த விளம்பரத்தின் மொழி அப்படியே மாட்டுங்கா மாமிகளின் மொழி. நீதிமன்ற மொழி இல்லை, பேரணிக் கோஷம் இல்லை. பிள்ளைக்கு ஒரு துணை வேண்டும் என்ற வழக்கமான அம்மாவின் கவலை. கொலாபாவில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த அந்த இடத்தை, ஓர் அம்மா தன் கூடத்தில் இலவசமாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கற்றுக்கொள்ள வயசில்லை என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2021-ல் மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகுதான், 2021 ஜூன் 7 அன்று, போலீஸ் இவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, 'மாற்றிவிடுகிறேன்' என்று மருத்துவம் பார்க்கக் கூடாது என்று உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகவே மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022-ல் வெளியிட்டது. உயர் நீதிமன்ற நீதிபதியே கேட்டுப் படிக்கலாம் என்றால், செம்பூர் அப்பாக்களுக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

நம் வீடுகள் சின்னவை. மும்பையானாலும் மஸ்கட்டானாலும் நியூஜெர்சியானாலும் ஊரை விட்டு வந்தவர்களின் வீட்டில் முதலில் குறைவது இடம்தான். சதுர அடியைச் சொல்லவில்லை. ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று, அந்த நாலு பேரையும் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அவர்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டால் பெற்ற பிள்ளைக்கு உட்கார இடமில்லை. பிள்ளை ஞாயிறு காலை போனில் உம் மட்டும் கொட்டினால், ஜாதகத்தைக் கீழே வைத்துவிட்டு, 'என்னப்பா, மனசுல என்ன இருக்கு?' என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா இருங்கள்.